ஈசிஆர் சைக்கிள் ரூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹைவே

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை சைக்கிள் ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க ஒரு காதுல மட்டும் இயர்போன் போட்டுக்கோங்க. பின்னாடி வர்ற பஸ் ஹாரன் கேட்கணும்.

சென்னையில் வீக்எண்டு சைக்கிள் ஓட்டுற யாரைக் கேட்டாலும் ஒரே ரூட்டைத்தான் சொல்வாங்க. மெரினாவில் ஆரம்பிச்சு, பட்டினப்பாக்கம், அடையாறு, திருவான்மியூர், அங்கிருந்து ஈசிஆர் பிடிச்சு முட்டுக்காடு. தெம்பு இருந்தா மகாபலிபுரம். இன்னும் தெம்பு இருந்தா மரக்காணம், பாண்டிச்சேரி. இடது பக்கம் கடல், வலது பக்கம் ரிசார்ட்டும் சவுக்குத் தோப்பும். நானும் இந்த ரூட்ல பல வருஷமா போறேன்.

இந்த ரூட் முழுக்க, நமக்கு வலது கைப்பக்கம், சில இடத்தில் அரை கிலோமீட்டர், சில இடத்தில் ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ளே, இன்னொரு பாதையும் நம்மகூடவே தெற்கே வருது. நாம ஓட்டுற ரோட்டை விட ரொம்பப் பழசு. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரைக்கு அதுதான் மெயின் ரோடு. அதன் பேர் பக்கிங்காம் கால்வாய்.

"அந்தச் சாக்கடையா?"ன்னு நீங்க கேட்கிறது கேட்குது. அதேதான். இன்னைக்கு அந்தக் கால்வாயோட கதையைச் சைக்கிள் ரூட் வரிசையிலேயே சொல்லப்போறேன். கதை தெரிஞ்சா, அடுத்து இந்தக் கரையில் என்ன கட்டணும், யாருக்காகக் கட்டணும்னு பேசும்போது நாம கொஞ்சம் வேற மாதிரி பேசுவோம்.

மெரினா: ரெண்டு பாதை, ஒரே காலம்

முதல்ல மெரினா. கடலோரமா இருக்கிற அந்த நடைபாதையை அமைத்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். 1881இலிருந்து 1886 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். சிசிலித் தீவில் பார்த்த ஒரு கடற்கரையின் ஞாபகத்தில், 1884இல் இந்த இடத்துக்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார். மாலை நேரத்தில் காற்று வாங்க, கோச்சு வண்டியில் உலா போக ஒரு இடம்.

மணல் இவ்வளவு அகலமா இருக்கக் காரணமும் அந்தக் காலத்து இன்ஜினியரிங்தான். 1870களில் வடக்கே துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். நம்ம கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் துறைமுகச் சுவர் வந்ததும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கிடுச்சு. வருஷா வருஷம் கரை அகலமானது. அதே நேரம் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம், காசிமேடு பக்கம், கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு பக்கம் கிடைச்ச மணல் இன்னொரு பக்கம் போன மணல். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இப்போ மெரினாவிலிருந்து சைக்கிளை வலது பக்கம் திருப்பி, சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பின்னாடி போங்க. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மேலே பறக்கும் ரயில் பாலம், கீழே கறுப்புத் தண்ணீர். அதுதான் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்தத் துண்டு சுமார் 8 கிலோமீட்டர். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாப் போகும். இதை வெட்டியது 1877-78இல்.

1877ன்னா என்ன வருஷம்னு தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். நம்ம ஊர்ப் பாட்டிகள் ரொம்ப காலம் சொல்லிக்கிட்டிருந்த பஞ்சம் அது. 1876இல் மழை பொய்த்தது. மதராஸ் மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் என்று தக்காணம் முழுக்கப் பரவியது. 1878க்குள் இந்தியாவில் செத்தவர்களின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது என்றுதான் பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. கிராமங்களை விட்டுக் கிளம்பியவர்கள் கூட்டம் கூட்டமாக மதராஸுக்கு நடந்து வந்தார்கள்.

அரசாங்கம் அவர்களுக்குச் சோறு சும்மா போடத் தயாரா இல்லை. வேலை செஞ்சாத்தான் கூலி. அப்படிக் கொடுத்த 'நிவாரண வேலை'களில் ஒன்றுதான் இந்த 8 கிலோமீட்டர். வடக்கே போற கால்வாய் ஏற்கெனவே இருந்தது. அடையாற்றிலிருந்து தெற்கே போறதும் இருந்தது. நடுவுல நகரத்துக்குள்ள இணைப்பு மட்டும் மிஸ்ஸிங். அதைப் பசியில் வந்த ஜனங்களை வைத்து வெட்டி முடித்தார்கள். செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை 1878இல் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டினவங்க ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது.

அவங்களுக்குக் கிடைச்ச கூலி பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1877 ஆரம்பத்தில், பஞ்சச் செலவைக் குறைக்க வைஸ்ராய் அரசாங்கம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. நிவாரண வேலை செய்கிற ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடக் கொஞ்சம் காசு போதும் என்றார் அவர். மதராஸ் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பவுண்டு தானியத்தில் உயிரை வைத்திருப்பதே கஷ்டம், அதில் எப்படி மண் சுமக்க முடியும் என்று எழுத்து மூலமாக எதிர்த்தார். அதே ஆண்டு பிற்பாடு கூலியை உயர்த்தினார்கள். ஆனால் நடுவில் போன மாதங்களில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு எண்ணை மாத்தினா அந்தப் பக்கம் மனுஷங்க செத்துப் போறாங்க. ஐடியில் வேலை பார்க்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

பஞ்சத்தில் வெட்டின கால்வாய்க்கும் உலாவுக்காகப் போட்ட மெரினா நடைபாதைக்கும் இடையில் ஆறு வருஷம்தான், தூரம் ஒரு கிலோமீட்டர்தான். நாம ஞாபகம் வச்சிருக்கிறது ஒண்ணை மட்டும்.

கால்வாய் எப்படி ஓடியது

கொஞ்சம் பின்னாடி போவோம். முதல் துண்டு 1806இல் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மதராஸிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் வெட்டினார். தனியார் முதலீடு, போற வர்ற படகுக்குச் சுங்கம். இன்னைக்கு ஈசிஆரில் டோல் கட்டுற மாதிரியேதான். 1837இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, வடக்கேயும் தெற்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. கடைசியில் வடக்கே ஆந்திராவில் கிருஷ்ணா டெல்டாவின் கால்வாய்கள் வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல், தெற்கே மரக்காணம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல்.

முழுக்க வெட்டினதுன்னு நினைக்காதீங்க. நம்ம கடற்கரையில் ஏற்கெனவே உப்பங்கழிகள் வரிசையா இருக்கு. பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு. அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துவிட்டாங்க. அதனால தண்ணீர் உப்பு. கடல் ஏறி இறங்குறப்ப கால்வாயும் ஏறி இறங்கும். ஆறு குறுக்கே வர்ற இடத்தில் மட்டம் மாறும் என்பதால் லாக் வைத்தார்கள். ரெண்டு பக்கமும் கதவு, நடுவில் படகு, தண்ணீரை ஏத்தி இறக்கி அனுப்புறது.

படகுகளில் என்ன வந்தது? வடக்கிலிருந்து நெல். மரக்காணம், கோவளம் பக்கமிருந்து உப்பு. எல்லாத் திசையிலிருந்தும் விறகு. ஈசிஆரில் நாம நிழலுக்கு நிக்கிற சவுக்குத் தோப்பு இருக்கே, அது இந்த ஊர் மரமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் எரிபொருளுக்காகவே இந்த மணலில் பயிர் பண்ண ஆரம்பித்த மரம். ரயில் இன்ஜினுக்கும் நகரத்து அடுப்புக்கும் போனது. வெட்டி, கட்டி, படகில் ஏற்றினால் மதராஸ். நம்ம 'நேச்சர் வியூ' ஒரு காலத்து பெட்ரோல் பங்க்.

படகை ஓட்டினது யார்? காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் இல்லாத இடத்தில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். ரெண்டும் முடியலைன்னா ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு, நடந்தே இழுப்பார்கள். படகு நிறைய உப்பு. கால் வைக்கிற இடம் சேறு. இப்படி மைல் கணக்கில்.

பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மகாபலிபுரத்துக்கு இதே கால்வாயில் படகில் போன அனுபவம். ஜாலி ட்ரிப்தான். நம்ம சண்டே ரைடுக்கு ஒரு தொண்ணூறு வருஷம் முந்தின வெர்ஷன். ஆனா அதில் கரையில் நின்று படகை இழுக்கிற தொழிலாளிகளும் இருக்கிறார்கள். சிற்பம் பார்க்கப் போன கவிஞர் கண்ணில் அவங்களும் பட்டாங்க. அந்தக் கவிதையை நீங்களே தேடிப் படிங்க.

அடையாறு முதல் கோவளம் வரை

அடையாற்றுப் பாலம் தாண்டி, திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் ஆரம்பம். இந்த ரோடு இந்த அகலத்தில் வந்தது ரொம்பச் சமீபம். அதுக்கு முன்னாடி கடலோரக் குப்பங்களை இணைக்கிற சின்னச் சின்ன ரோடுகள்தான். 1990களில் அவற்றைச் சேர்த்து விரிவாக்கினார்கள். 2002இலிருந்து சுங்கச் சாலை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆர். நம்மள்ல பாதிப் பேர் வேலை பார்க்கிற இடம். மேப்பைத் திறந்து பாருங்க: கடல், ஈசிஆர், கால்வாய், ஓஎம்ஆர், நாலும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள். ஒரு ரோட்டிலிருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா கால்வாயைத் தாண்டணும். தாண்டுற இடம் கம்மி. நீலாங்கரை - துரைப்பாக்கம், அக்கரை - சோழிங்கநல்லூர், கோவளம் - கேளம்பாக்கம். காலையில் இந்தப் பாலங்களில் டிராஃபிக்கில் நின்னு திட்டுறோம்ல, அப்போ திட்டுறது இந்தக் கால்வாயைத்தான்.

புதுசா ஓட்ட ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு ஒரு லூப். ஈசிஆரில் கோவளம் வரை போங்க. அங்கே வலது பக்கம் திரும்பி கேளம்பாக்கம் ரோடு. ரெண்டு பக்கமும் உப்பங்கழி, உப்பளம், சீசன்ல பறவைகள். பாத்தி பாத்தியாத் தண்ணீர் நிக்கும், ஓரத்தில் உப்புக் குவியல். அங்கிருந்து ஓஎம்ஆர் வழியா வீடு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடணும். வெயில் காலத்தில் மத்தியானம் நெருங்க நெருங்க கடல் காத்து தென்கிழக்கிலிருந்து வீசும். அதனால தெற்கே போறதை காலையிலேயே முடிச்சுட்டா, திரும்பும்போது காத்து முதுகைத் தள்ளும்.

கோவளத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கையிலிருந்த அதை 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். இன்னைக்கு அதே ஊர் சர்ஃபிங்குக்குப் பேர் போனது. சர்ஃப் பண்ணக் கத்துக்கொடுக்கிறவங்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பசங்க.

மகாபலிபுரத்துக்கு அப்பால்

மகாபலிபுரம் பற்றித் தனி எபிசோடே வேணும், அதனால இங்கே நிக்கலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். நல்ல ரோடு வர்றதுக்கு முன்னாடி, மதராஸிலிருந்து இங்கே வந்த பல பேர் ராத்திரி படகில் ஏறி, தூங்கி, காலையில் ஊருக்கு மேற்கே கால்வாய்க் கரையில் இறங்கினார்கள். அதாவது ஊருக்குள்ளே நுழைஞ்சதே பின்பக்கமா, கடலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து.

அங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் துணி வியாபாரத்துக்காகக் கட்டிய கோட்டை, உள்ளே அவர்களுடைய கல்லறைகள். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். இன்னும் தெற்கே கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. அப்புறம் மரக்காணம். ரெண்டு பக்கமும் உப்பளம். கால்வாய் இங்கே முடியுது.

முடிவு என்பதைவிட, தேய்ந்து போகுதுன்னு சொல்லலாம். ரயிலும் லாரியும் வந்தபிறகு படகுகள் குறைந்தன. 1965, 66 புயல்களில் கரைகள் உடைந்தன, மணல் சேர்ந்தது. அதுக்கப்புறம் பெரிய அளவில் படகு ஓடலை. நகரத்துக்குள்ளே கழிவுநீரை விட்டோம். பறக்கும் ரயில் கட்டும்போது தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம். 1995இல் சேப்பாக்கம் வரை ரயில் வந்தது, 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. நிலம் எடுக்கிற தொல்லை இல்லை, செலவு கம்மி. இன்ஜினியரா அந்த முடிவு எனக்குப் புரியுது. ஆனா ஒரு கால்வாயை 'காலி இடம்'னு ப்ளானில் எழுதினது அப்போதான். 2008இல் மத்திய அரசு இதே கால்வாயை தேசிய நீர்வழி 4இல் சேர்த்து அறிவித்தது. நகரத்துக்குள்ளே அதில் எந்தப் படகு போகும்னு ரயில் தூண்களைப் பார்த்து நீங்களே சொல்லுங்க.

அந்தக் கரை யாருடையது?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இங்கிலாந்தில் படகு இழுக்கிறதுக்காகக் கால்வாய்க் கரையில் போட்ட பாதைகள் இருக்கு. வேலை நின்ன பிறகு, பல இடங்களில் அதையே நடைபாதையா, சைக்கிள் பாதையா ஆக்கிட்டாங்க. கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து லஷீன் கால்வாய் 1970இல் கப்பலுக்கு மூடப்பட்டது. இன்னைக்கு அதன் கரை அந்த ஊரின் பேர்பெற்ற சைக்கிள் ரூட். சரிவே இல்லாத, சிக்னல் இல்லாத, ஊருக்கு நடுவிலிருந்து கிராமம் வரை போற ஒரு கோடு. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேணும்?

நமக்கும் அதே கோடு இருக்கு. சேப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை. லாரி இல்லாத சைக்கிள் ரூட். கேட்கவே நல்லாருக்கு. எனக்கும் ஆசைதான், மறைக்கலை.

ஆனா அந்தக் கரை காலி இல்லை. படகு நின்ன பிறகு, நகரத்துக்குள்ளே கால்வாய்க் கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு கட்டி வாழ்ந்தாங்க. வீட்டு வேலை செய்றவங்க, பெயின்டர், ஆட்டோ டிரைவர், மீன் விக்கிறவங்க. வெள்ளத்தடுப்பு, கால்வாய்ச் சீரமைப்பு, ரயில்னு ஒவ்வொரு திட்டமா வரும்போது, நகரத்தின் நீர்க்கரைகளில் இருந்தவங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு 20, 25 கிலோமீட்டர் தள்ளி அனுப்பினாங்க. மயிலாப்பூரில் காலையில் பாத்திரம் தேய்க்கப் போன அம்மாவுக்கு இப்போ ரெண்டு பஸ். வெள்ளத்தில் அந்தக் கரை ஆபத்துங்கிறதும் உண்மை. ஆனா அதே கால்வாயின் பக்கத்தில் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டின பெரிய கட்டடங்களுக்கு அந்த ஆபத்து கணக்கு அப்படியே போடப்படலைங்கிறதும் உண்மை.

நாளைக்கு 'கால்வாய்க் கரை சைக்கிள் பாதை'னு ஒரு திட்டம் வந்தா, முதல்ல கைதட்டப்போறது நாமதான். அதனால முதல்ல கேட்க வேண்டியதும் நாமதான்: அந்தக் கரையிலிருந்து யாரை எங்கே அனுப்புறீங்க? துறைமுகச் சுவர் ஞாபகம் இருக்கா? தெற்கே சேர்ந்த மணல் வடக்கேயிருந்து போனது. வரைபடத்தில் அழகான கோடு போட்டவங்க அந்தக் கணக்கை எப்பவும் எழுதுறதில்லை.

இன்னொண்ணு. ஈசிஆரில் காலை அஞ்சரை மணிக்கு ரெண்டு வகையான சைக்கிள் போகுது. ஒண்ணு ஹெல்மெட், லைட், கார்பன் ஃபிரேம். இன்னொண்ணு கேரியரில் டிஃபன் பாக்ஸ் கட்டின ஹெர்குலிஸ், நைட் டியூட்டி முடிச்ச செக்யூரிட்டி அண்ணன் ஓட்டுறது. அந்த ஹெர்குலிஸ் நம்ம ஊர்த் தயாரிப்பு, 1949இல் அம்பத்தூரில் ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸோடது. 2014இல் சென்னை மாநகராட்சி, நடக்கிறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் முன்னுரிமைன்னு ஒரு கொள்கையே கொண்டு வந்தது. அந்தக் கொள்கை அந்த அண்ணனுக்கும் சேர்த்துத்தான். தினமும் ஓட்டுறவர் அவர். நாம வாரத்துக்கு ஒரு நாள்.

நமக்குன்னு தனிப் பாதை கேட்கும்போது அவர் வீட்டிலிருந்து அவர் வேலைக்குப் போற பாதையைக் கேட்போம். அது பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் ஆரம்பிக்கணும். மெரினாவுக்கு அப்புறமா வரலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை போறவங்க ஒரு வேலை பண்ணுங்க. கோவளம் - கேளம்பாக்கம் ரோட்டில் பாலத்துக்கு மேல ஓரமா நிறுத்தி, தண்ணீரைப் பாருங்க. அங்கே இன்னும் தண்ணீர் தண்ணீராத்தான் இருக்கு. அப்புறம் ஊருக்குள்ளே வந்து மயிலாப்பூர் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு தடவை பாருங்க. ரெண்டும் ஒரே கால்வாய். போட்டோ எடுத்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம். பங்ச்சர் கிட் மறக்காதீங்க. வர்றேன்.